அம்மாவுக்கு மட்டும் பத்துக்குப் பத்து

ஜனவரி 8

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது.

நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லாத்தான் இருப்பே, இல்லேன்னா இந்நேரம் உங்கப்பா எனக்குப் போன் போட்டு அழுதிருப்பார். போன் இருக்கும்போது எதுக்கும்மா கடுதாசின்னு கேப்பே. போன்ல நான் சத்தம் போட ஆரம்பிச்சா நீ டியூட்டிக்கு நேரமாச்சுன்னு வெச்சுடறே. கடுதாசின்னா நான் கத்தி முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகணும்.

ரெண்டாவது செமஸ்டர் ஆரம்பிச்சு மூணு நாள் ஆச்சு. முதல் நாளே வயித்தெரிச்சல்.

காலையில கணக்கு வகுப்பு. அந்த வாத்தியாருக்கு உன்னைவிட வயசு கம்மியா இருக்கும், மீசை இன்னும் சரியா முளைக்கலை. வரிசையா ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேள்வி கேட்டுக்கிட்டே வந்தார். எனக்குப் பக்கத்துல இருந்தவ முழிச்சா, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா. அடுத்தது நான். பதில் தெரியும், எழுந்திரிக்கத் தயாரா இருக்கேன். மனுஷன் என்னைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டார். கையைத் தூக்கினேன். நீங்க உட்காருங்கம்மா, பரவாயில்லைன்னார். என்னடி பரவாயில்லை?

அடுத்த வகுப்பு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. அந்த வாத்தியார் கரும்பலகையைப் பாத்தே பேசறார். எல்லாருக்கும் முதுகைத்தான் காட்டறார். அவர் ஒருத்தர்தான் என்னையும் மத்தவங்களையும் ஒரே மாதிரி நடத்தறார்.

மத்தியானம் லேப். நான் காலேஜுக்கு வந்ததே இதுக்குத்தான்னு உனக்குத் தெரியும். சாயப் பட்டறையில பதினாறு வருஷம் முதலாளி சொன்ன அளவுல கலக்கினேன். ஒரு சாயம் ஏன் துணியில ஒட்டுது, இன்னொண்ணு ஏன் அலசினா போயிடுதுன்னு கேட்டா, சொன்னதைச் செய்னு ஒரே பதில். சரி, படிச்சே தெரிஞ்சுக்கறேன்னு வந்தேன். இங்கே என்ன நடக்குது? ஒரு பொண்ணு கண்ணாடிக் குழாயை உடைச்சா, அவளை வெளியே நிறுத்திட்டாங்க. நான் ஒரு குடுவையையே போட்டு உடைச்சேன். லேப் மேடம் ஓடி வந்து, கையில படலையேம்மான்னு கேட்டு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாங்க. வகுப்பே நிக்குது, நான் மட்டும் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருக்கேன்.

சின்னப் பிள்ளைங்க விளையாட்டுல ஒப்புக்குச் சப்பாணின்னு ஒரு வாண்டைச் சேர்த்துக்குவாங்க, ஞாபகம் இருக்கா? அது ஓடலாம், பிடிக்கலாம், ஆனா அவுட் ஆகாது. அந்த வாண்டு இப்ப நான்தான். போன செமஸ்டர்ல இப்படி இல்லை. அப்ப என்னையும் திட்டினாங்க, என்னையும் வெளியே நிறுத்தினாங்க. லீவுக்கு வீட்டுக்கு வந்துட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பறதுக்குள்ள என்ன ஆச்சுன்னே தெரியலை.

எனக்கு வேணும்ங்கிறது ஒண்ணே ஒண்ணு. நான் வாங்கற டிகிரியில ஒரு மார்க்கூட யாரும் பாவம் பாத்துப் போட்டதா இருக்கக் கூடாது. இப்படியே போச்சுன்னா துறைத் தலைவர்கிட்டயே போய்க் கேக்கப் போறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

கொதிச்சுப் போயிருக்கும்
அம்மா


ஜனவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் படிக்கும்போதே காது அடைச்சுப் போச்சு. நான் சுகம். எங்க ரத்தப் பரிசோதனைக் கூடத்துல ஆள் பத்தலை, ரெண்டு பேர் வேலையை ஒருத்தி பாக்கறேன். அதான் பதில் எழுத லேட்.

ஸ்டூல் போட்டா மகராசியா உட்காரேன், அதுல என்ன வந்துச்சு உனக்கு? நாள் பூரா நின்னா உன் கால் வீங்கும். வயசுல பெரியவங்கன்னு ஒரு மரியாதை, அவ்வளவுதான். துறைத் தலைவர்கிட்ட மட்டும் போய் நிக்காதே. அவர் பொறுமையா, மெதுவாப் பேசற மனுஷன், நீ போய்க் கத்தினா ஆடிப் போயிடுவார்.

ராத்திரி தூங்கறியா? தலை சுத்துதா? சத்து மாத்திரையை விடாமப் போடு. தினம் ஒரு முட்டை சாப்பிடு.

உன்
மகள்


ஜனவரி 30

அன்பு மகளுக்கு,

தலை சுத்தலை. முட்டை சாப்பிடறேன். மாத்திரை போடறேன். போதுமா?

துறைத் தலைவர் மெதுவாப் பேசறவர்னு உனக்கு யார் சொன்னா? நானே அவர்கிட்ட இன்னும் வாய் திறந்து பேசினதில்லை. சரி, அது கிடக்கட்டும்.

நான் சும்மா இருக்கலை, சோதனை பண்ணிப் பாத்தேன். கணக்கு வகுப்புக்கு லேட்டா வந்தா கதவைச் சாத்திடுவார். வேணும்னே அரை மணி நேரம் கேன்டீன்ல டீ குடிச்சுட்டுப் போனேன். எனக்கு முன்னாடி வந்த நாலு பேர் வராண்டாவுல நிக்கறாங்க. என்னைப் பாத்ததும் கதவைத் திறந்து, வாங்கம்மா, மூச்சு வாங்குதா, மெதுவா வாங்கன்னார். அந்த நாலு பேரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே, நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. எல்லாருக்கும் அஞ்சு பக்கம் கட்டுரைன்னா எனக்கு மட்டும் முடிஞ்ச வரைக்கும். நான் எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. முகத்துல விட்டெறியலாம்னு வந்துச்சு.

ஆனா இன்னைக்கு ஒரு விஷயம், அதுக்குத்தான் பேனாவை எடுத்தேன். லேப்ல முதல் டெஸ்ட். அமிலத்தை அளக்கற சோதனை. மேலே நீளக் கண்ணாடிக் குழாய்ல ஒரு திரவம், கீழே குடுவையில அமிலம். குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டா விடணும். கீழே இருக்கறது ரோஸ் ஆனதும் நிறுத்தி, எவ்வளவு இறங்கியிருக்குன்னு குறிச்சுக்கணும். மூணு தடவை பண்ணினேன். ஸ்டூலைத் தள்ளிவிட்டு நின்னுக்கிட்டேதான் பண்ணினேன்.

பத்துக்குப் பத்து. எத்தனையோ பேருக்கு ஆறும் ஏழும்தான். எனக்குப் பத்துடி.

உங்கப்பாவுக்குப் போன் பண்ணினேன். அவர் இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார், எதிர்வீட்டு நாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். இந்த ஒரு நாளைக்கு எல்லாரையும் மன்னிச்சுட்டேன்.

அம்மா


பிப்ரவரி 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். பத்துக்குப் பத்து! இங்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பாத்தியா, நீதான் தேவையில்லாமக் குதிச்சே. இனிமேலாவது கோபப்படாம நிம்மதியாப் படி.

உன்
மகள்


பிப்ரவரி 19

மகளுக்கு,

நான் உயிரோட இருக்கேன். உடம்பு நல்லா இருக்கு. மனசைப் பத்திக் கேக்காதே.

அந்தப் பத்து பொய்.

எனக்குப் பக்கத்து மேஜையில ஒரு கண்ணாடிக்காரி இருக்கா, மனசுல ஒண்ணும் வெச்சுக்கத் தெரியாது. நேத்து என் சோதனைக் குடுவையைப் பாத்துட்டுச் சிரிச்சுட்டா. என்ன ஆன்ட்டி, இவ்வளவு அடர் ரோஸ் வரைக்கும் விட்டிருக்கீங்க, எப்பவும் இப்படித்தான் பண்ணுவீங்களான்னா. ஆமான்னேன். அவ சிரிப்பு நின்னு போச்சு. அப்புறம் பொறுமையாச் சொன்னா. கண்ணுக்குத் தெரியுதோ இல்லையோங்கிற அளவுக்கு ரோஸ் எட்டிப் பாத்தா அங்கேயே நிறுத்தணுமாம். அதுக்கு மேல விட்ட ஒவ்வொரு சொட்டும் தப்புக் கணக்காம்.

மேடம் முதல் நாளே லேசா ரோஸ் வந்தா போதும்னு சொன்னது என் காதுல விழாம இல்லை. ஆனா அவங்க லேசான ரோஸ்ங்கிறது என் கண்ணுக்கு ரோஸே இல்லடி, அலசின தண்ணி. பட்டறையில அந்த நிறத்துல துணியை எடுத்தா முதலாளி மூஞ்சியில அடிப்பார். கலர் ஏறலை, இன்னும் போடுன்னு கேட்டுக் கேட்டுப் பழகின கண்ணு, தானா இன்னும் நாலு சொட்டு விட்டுச்சு. அன்னைக்கு டெஸ்ட்ல என் மூணு அளவும் தப்பு. அவளோட அளவை வெச்சுப் பாத்தேன், கிட்டக்கூட வரலை. அவளுக்கு எட்டு. எனக்குப் பத்து.

நேரா மேடம்கிட்ட போனேன். உங்களுக்கு எதுக்கும்மா டென்ஷன்னாங்க. விடலை. தலைவர் சொல்லியிருக்கார், உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுன்னாங்க. தலைவர் அறைக்குப் போனேன். அவர் நிஜமாவே மெதுவாத்தான் பேசறார். உங்க வீட்டுலேருந்து போன் வந்தது, உங்க உடம்பு நிலைமையைச் சொன்னாங்க, எங்களால ஆன உதவின்னார்.

என் உடம்பு நிலைமையா? குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கு என்ன நிலைமை?

வீடுன்னா வேற யாரு, உங்கப்பாதான். முகத்துக்கு நேரா ஒண்ணும் சொல்லாம, முதுகுக்குப் பின்னாடி போன் போட்டிருக்கார். கேட்டா, நான் பண்ணலைம்மான்னு சத்தியம் பண்றார். பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாத மனுஷன். அவரோட நான் பேசறதில்லை. போனை எடுக்கறதில்லை. இனிமே எந்த மார்க்கைப் பாத்தாலும் இது என்னோடதா, அவர் வாங்கிக் கொடுத்ததான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? போன செமஸ்டர் மார்க்குமே இப்ப எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு.

நீ அவருக்குச் செல்லப் பொண்ணு. நீ கேளு. நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு எனக்கு எழுது.

அம்மா


மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா இருக்கியா? நான் நலம். லேட்டுக்குக் கோவிச்சுக்காதே. இங்கே புது மெஷின் வந்திருக்கு, அதைப் பழகறதுக்குள்ள உயிர் போகுது. பக்கத்து அறைக்காரி வேலையை விட்டுட்டுப் போயிட்டா, இனி வாடகை முழுக்க என் தலையில. மழை வேற.

அப்பாவைத் திட்டாதேம்மா. பாவம் அவர். யார் பண்ணியிருந்தாலும் உன் மேல இருக்கற அக்கறையிலதானே பண்ணியிருப்பாங்க. விட்டுடேன். பரீட்சை வரப் போகுது, அதைப் பாரு.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
மகள்


மார்ச் 18

மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே சௌக்கியம். நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆச்சு, கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

லீவுல நீ என்கிட்ட உங்கம்மா காலேஜ் நம்பர் கேட்டே. எதுக்குன்னு கேக்காமக் குடுத்தேன். இப்ப எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு. நீ சொல்லுவேன்னு ஒரு மாசமாப் பாத்துக்கிட்டிருக்கேன்.

மூணு நாளைக்கு முன்னாடி ஹாஸ்டலுக்கே போய், நான்தான் பண்ணினேன்னு அவகிட்ட ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டாலாவது பேசுவாள்னு நினைச்சேன். இப்ப இன்னும் மோசம். பஸ் ஓட்டின காலத்துல ஊர்க்காரன் அத்தனை பேர் வசவையும் கேட்டவன் நான், திட்டுக்கு அசரமாட்டேன். ஆனா அவ திட்டக்கூட மாட்டேங்கறா.

உன் மேல எனக்குச் செம கோபம். நீ பண்ணினதுக்கு இல்லை. அவ எழுதினதுக்கு மழை பெய்யுதுன்னு நீ போட்ட பதிலை எடுத்துக் காட்டினா, அதுக்கு. நான் உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். நீயே சொல்லு. சீக்கிரம் சொல்லு.

அப்பா


மார்ச் 23

அம்மா,

நலம் விசாரிக்கல. நேரா சொல்லிடறேன்.

போன் பண்ணினது நான்தான். அப்பா இல்லை. அவர் எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டார்.

மன்னிப்பு கேக்கறேன்னு நினைக்காதே, எனக்கும் கோபம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீ தனியாப் படிச்சு பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினியே, கடைசி நாள் என்ன நடந்துச்சு? நீ எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவே, காலையில சாப்பிடாமப் போனேன், கிறுகிறுன்னு வந்துச்சு, விழுந்துட்டேன்னு. நீ விழுந்ததை நீ பாக்கலை. கூட்டிட்டுப் போக வந்த நான்தான் பாத்தேன். உன்னை வராண்டாவுல கிடத்தியிருந்தாங்க. உதடு வெளுத்துப் போயிருந்துச்சு. நான் தினமும் நூறு பேர் கையைப் பிடிச்சு நரம்பு தேடி ரத்தம் எடுக்கறவ. உன் கையைப் பிடிச்சேன், எனக்கு நாடி கிடைக்கலைம்மா. என் கை நடுங்கினதுல கிடைக்கலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் நீ செத்துட்டேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அப்பவும் நீ கண்ணைத் திறந்ததும் கேட்டது, பேப்பரை வாங்கிட்டாங்களான்னுதான். என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா?

இந்த லீவுல நீ இளைச்சுப் போய் வந்தே. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சே. எனக்கு அந்த வராண்டாதான் ஞாபகம் வந்துச்சு. அதான் தலைவருக்குப் போன் பண்ணி, இதயம் பலவீனம், பாத்து நடத்துங்கன்னு சொன்னேன். ஆமா, பொய்தான். போன செமஸ்டர் மார்க் முழுக்க உன்னோடது, நான் அதுக்கு அப்புறம்தான் பேசினேன். நம்பினா நம்பு.

மகள்


ஏப்ரல் 2

உன் கடிதம் வந்தது. உடம்பு நல்லா இருக்கு.

பரீட்சை மே மாசம். அதுவரைக்கும் எனக்கு எழுதாதே. போன் பண்ணாதே. காலேஜுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அம்மா


மே 9

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதாதேன்னே. எழுதறேன். நீ திட்டினாக்கூடத் தேவலை. பரீட்சை என்னைக்குன்னு மட்டும் சொல்லு. காலேஜ் பக்கம்கூட வரமாட்டேன். அன்னைக்கு லீவு போட்டுட்டு இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

சாப்பிட்டுட்டுப் போ. கெஞ்சிக் கேக்கறேன்.

உன்
மகள்


ஜூன் 6

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது.

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே?

உங்கப்பாகிட்ட மன்னிப்பு கேட்டேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து இதுதான் முதல் தடவை. மனுஷன் பயந்து போய், உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டார்.

நீ உண்மையை எழுதின கடிதம் வந்த மறுநாளே தலைவர்கிட்ட போனேன். என் இதயத்துல ஒரு கோளாறும் இல்லை, என் மகள் பயத்துல சொன்ன பொய், அந்தப் பத்தை அடிச்சுட்டு உள்ளதைப் போடுங்கன்னேன். அவர் தயங்கினார். அப்படிப் பாத்தா மொத்தத்துல பெயில் ஆக வாய்ப்பிருக்கும்மான்னார். போடுங்க சார்னேன். ஸ்டூலை நானே தூக்கிட்டுப் போய் வராண்டாவுல வெச்சுட்டு வந்தேன். பத்து இருந்த இடத்துல மூணு போட்டாங்க.

லேப் பரீட்சைக்கு வெளியிலேருந்து ஒரு ஆள் வந்தார். என்னை யார்னு அவருக்குத் தெரியாது. ரொம்ப அடர்த்தியாப் போயிடுமோங்கிற பயத்துல இந்தத் தடவை நிறம் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். அடுத்த தடவை அதிகமா விட்டேன். மூணு அளவும் மூணு திசையில நின்னுச்சு. அந்த ஆள் என் தாளைப் பாத்துட்டு எல்லார் முன்னாடியும் கத்தினார். ரெண்டு செமஸ்டரா என்ன படிச்சீங்க, குழாயை மூடக்கூடத் தெரியாதான்னு. ஒரு "அம்மா" கிடையாது, ஒரு "பரவாயில்லை" கிடையாது. அஞ்சு கேள்வி கேட்டார், ரெண்டுக்குத்தான் பதில் சொன்னேன். ஆனா விழலை. காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டுத்தான் போயிருந்தேன்.

நேத்து ரிசல்ட். மத்ததெல்லாம் பாஸ், கணக்குகூட. லேப்ல நாற்பது வேணும். எனக்கு முப்பத்திரண்டு. பெயில்.

பாத்ரூம்ல போய் நல்லா அழுதேன். நான் வராததைப் பாத்து வாசல்ல நின்னு கண்ணாடிக்காரியும் அழுதா. அவ பாஸ். பாஸானவளுக்கு என்ன அழுகைன்னு அவளைத் திட்டினேன். அப்புறம் பெயிலான இன்னும் ரெண்டு பசங்களோட போய் டீ குடிச்சேன். என்ன ஆன்ட்டி, உங்களையும் தூக்கிட்டாங்களான்னாங்க. ஆமாடான்னேன். அந்த முப்பத்திரண்டு இருக்கே, அதை யாரும் எனக்குப் பாவம் பாத்துப் போடலை. அது ஒவ்வொண்ணும் நான் வாங்கினது.

உன் மேல கோபம் தீரலை. நீ அந்த வராண்டாவுல என்ன பாடு பட்டேன்னு உன் கடிதத்தைப் படிச்சப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதை எத்தனையோ தடவை படிச்சுட்டேன். புரியுது. புரிஞ்சா கோபம் போயிடும்னு நினைக்காதே. பதினாறு வயசுல என் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்தினார், அவ்வளவு தூரம் நடந்து போக எனக்குக் கஷ்டமாம். பட்டறையில மேஸ்திரி வேலை தர்றேன்னாங்க, உங்கப்பா வேண்டாம்னுட்டார், எனக்குப் பொறுப்பு ஜாஸ்தியாயிடுமாம். இப்ப நீ. எல்லாரும் என் மேல உசிரைத்தான் வெச்சிருக்கீங்க. ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?

மறுபரீட்சை ஆகஸ்ட்ல. லீவு போட்டுட்டு வா. ஹால் வாசல்ல நிக்கணும்னா நில்லு, வேண்டாம்னு சொல்லலை. நான் விழுந்தா ஓடி வந்து தூக்கு. விழறதுக்கு முன்னாடி தூக்காதே.

அம்மா